முந்தைய சேதம்

சாரதி மாளிகையில் மாடிப்படிக்குக் கீழே ஒரு கடை.
இரண்டாயிரத்து நூறு கொடுத்து வாங்கினேன்.
"மெட்டல் பாடி சார்" என்றான்.
ஒரே கோடையில் தெரிந்துவிட்டது,
வெள்ளிப் பூச்சுக்கு அடியில் கறுப்பு பிளாஸ்டிக்.

பூச்சு போவதற்கு ஓர் ஒழுங்கு உண்டு.
முதலில் மூலைகள்,
பிறகு ஷட்டரைச் சுற்றிய மினுக்கு வளையம்,
பிறகு கட்டைவிரல் தங்கும் இடம்.
லென்ஸைச் சுற்றி அச்சடித்த எண்களில்
மிச்சம் ஓர் ஐந்தும் ஒரு புள்ளியும்.
குப்பைத்தொட்டிப் படம் போட்ட பொத்தானில்
குப்பைத்தொட்டி இல்லை.
எதை அமுக்கினால் அழியும் என்று விரலுக்குத் தெரியும்.
கைவார்க் கொக்கி ஆடி ஆடி
அடிப்பக்கம் முழுக்கப் பிறை பிறையாய்க் கோடு.

கீறல் பார்ப்பதுதான் எனக்குச் சோறு.
வாகனக் காப்பீட்டு சர்வேயர்.
கொணவட்டம் பட்டறைகள், காட்பாடி ஷோரூம்,
பள்ளிகொண்டா சுங்கச்சாவடி தாண்டிக் கவிழ்ந்த லாரி.
நான்கு மூலையிலும் நின்று எடுப்பேன்,
அப்புறம் காயத்துக்குக் கிட்டே போவேன்.
பத்தரை மணிக்கே வேலூர் வெயிலில்
போன் கொதித்து அணைந்துவிடும்.
இது அணையாது. அதனால்தான் இன்னும் பையில்.

கீறலுக்கு வயது சொல்வது கஷ்டமில்லை.
புதுசென்றால் ஓரத்தில் நகம் மாட்டும்,
உள்ளே தகரம் பளிச்சென்று இருக்கும்.
பழசில் தூசு குடியேறியிருக்கும்,
துரு பெயிண்டைத் தூக்கியிருக்கும்,
என்றோ தேய்த்த பாலிஷ் வெள்ளையாய்க் காய்ந்திருக்கும்.
அதற்கு எங்கள் படிவத்தில் இரண்டே சொல்:
முந்தைய சேதம்.
எழுதிவிட்டால் ஒரு ரூபாய் பெயராது.

போன வெள்ளிக்கிழமை ஒரு ஸ்கூட்டர்.
சத்துவாச்சாரி சர்வீஸ் ரோட்டு மணலில் சறுக்கியது.
ஏஞ்சலின் தயாவதி, நர்ஸ்,
இரவு டியூட்டி முடித்து நேராக வந்திருந்தாள்.
முழங்கைக் கட்டு அவளே போட்டுக்கொண்டதாம்.
மட்கார்டு சரி. கைப்பிடி சரி.
பக்கத் தகட்டில் நீளமாய் ஒன்று.
குனிந்து நகத்தை வைத்தேன்.
"இது பழசும்மா."
"எது?"
"இதான். ஆயிரத்து எண்ணூத்து அறுபது கழியும்."

அவள் வாதாடவில்லை.
என் கையைப் பார்த்தாள்.
"உங்க கேமராவே தோல் உரிஞ்சு கெடக்கு.
அது எப்ப விழுந்துச்சு?"
"விழல."
"விழாமயேவா இப்படி?"

ராத்திரி சாப்பாட்டு மேசையில் சர்வே செய்தேன்,
விளக்கைச் சாய்த்து.
கட்டைவிரல் திட்டு: என்னுடையது. மூன்று கோடை வியர்வை.
பிறைக் கோடுகள்: என்னுடையவை, பாதியாவது.
முன்பக்கம், இடது கீழ் மூலையில் மட்டும்
அரிசி நீளத்துக்கு ஒரு பள்ளம்.
அடிபட்டதில்லை. அடிபட்டால் ஓரம் கூராக இருக்கும்.
இது வழவழவென்று, புளியங்கொட்டை மாதிரி,
ஆயிரம் தடவை ஒரே இடத்தில் மோதிரம் உரசியது.
நான் மோதிரம் போடுவதில்லை.
அங்கே பிடிப்பதும் இல்லை.

மோதிரக்காரரோ, மோதிரக்காரியோ,
கார்டைக் காலி செய்துதான் விற்றிருக்கிறீர்கள்.
எடுத்தது ஒன்றும் இல்லை.
பிடித்த பிடி இருக்கிறது.
படிவப்படி அதுவும் அதே இரண்டு சொல்தான்.

காலையில் படங்களை ஏற்றும்போது
பதினேழாவதில் நின்றுவிட்டேன்.
ஸ்கூட்டரின் வலது கண்ணாடி,
விரிசல் இல்லை என்று காட்ட எடுத்தது.
அதற்குள் என் பாதித் தோள்,
முகம் இருக்கவேண்டிய இடத்தில் கேமரா.
மூலைப் பள்ளத்தில் வெயில் விழுந்து
பூச்சு போன இடம்தான் மின்னுகிறது.
பின்னால் ஏஞ்சலின்,
கட்டுப் போட்ட கையால் வாயை மூடிக் கொட்டாவி.

'படம் பதினேழு: கண்ணாடி, சேதமில்லை'
என்று தட்டிவிட்டேன்.
ஆயிரத்து எண்ணூற்று அறுபதுக்கான கட்டம்
இன்னும் காலியாக இருக்கிறது.
மணி பதினொன்று.
ஆபீஸிலிருந்து இரண்டு தடவை கூப்பிட்டுவிட்டார்கள்.